என் பெயரில் விழுந்த ஓட்டு

ஜனவரி 29, 1807. வியாழன்

நிலவறையில் ஒரு பீப்பாய் ஆப்பிள் சைடர் உறைந்து வெடித்துவிட்டது. காலையிலிருந்து அதைத் துடைப்பதே வேலை. என் வீட்டுக்காரர் ஜேபஸ் இருந்தால் "வைக்கோலை இன்னும் போடுன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்பார். மனிதர் செத்து ஏழு வருஷமாகிறது, இன்னும் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை.

மத்தியானம் கொழுந்தன் ஈனோஸ் வந்தான், கூடவே அவன் பெண்டாட்டி ப்ரூடன்ஸ். அவன் வாயைத் திறந்தால் கோர்ட்தான். மாவட்டத்துக்குப் புதுக் கோர்ட் கட்டடம் எங்கே வருவது என்று ஓட்டு வைத்துத் தீர்மானிக்கப் போகிறார்கள். எங்கள் ஆஷ்ஃபீல்டிலா, ஆற்றங்கரை டீல்ஸ் முனையிலா? கோர்ட் வரும் ஊருக்கு வக்கீல்கள் வருவார்கள், சத்திரங்கள் வரும், நிலம் விலை ஏறும். அடுத்த மாதம் பத்தாம் தேதியிலிருந்து மூன்று நாள் ஓட்டு.

"மதினி, செத்தவனைத் தவிர ஒருத்தன் பாக்கியில்லாம வரணும்."

"நீ செத்தவனையும் கூட்டிட்டு வந்துருவியே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

ப்ரூடன்ஸ் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கு என்னக்கா! புருஷன் இல்ல, ஓட்டு இருக்கு. எனக்குப் புருஷன் இருக்காரு, ஓட்டு இல்ல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நியூ ஜெர்சியின் சட்டமே இவ்வளவுதான். தன் பெயரில் ஐம்பது பவுண்டு சொத்து இருந்தால் விதவையும் கல்யாணமாகாதவளும் ஓட்டுப் போடலாம். கட்டிக்கொண்டவளின் சொத்து புருஷன் சொத்து, அவளுக்கு ஏது ஓட்டு? மாவு மில் ஹென்ட்ரிக் என்னைக் கேட்டு வந்தபோது நான் முடியாது என்றதற்கு அவர் மூக்குதான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கும் ஒரு காரணம்தான்.

பிப்ரவரி 3. செவ்வாய்

வெளுத்த துணியை வாங்கச் சூக்கி வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தன் எஜமானர்களான வான் ஹார்ன் குடும்பத்திடமிருந்து துணி துவைத்த காசில் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்ட கறுப்புப் பெண் சூக்கி. இன்று சொந்த வீடு, சொந்தத் துவைகல், வெளுக்க வரும் பாதி ஊர்த் துணி. நாலு பேர் முன்னால் "மிசஸ் ஃப்ரேசி, வாங்க, உக்காருங்க" என்பாள். கதவைச் சாத்திவிட்டால் "அடியே கெசையா, அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்க" என்பாள். நான்கு தேர்தலாக இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டுப் போடப் போகிறோம்.

ஓட்டுப் போடுவதில் எனக்குப் பிடித்தது எது என்று அவளிடம் சொன்னேன். பெட்டிக்கு முன்னால் போய் நின்றதும் தேர்தல் அதிகாரி கூடம் முழுக்கக் கேட்கும்படி "கெசையா ஃப்ரேசி!" என்று கூப்பிடுவாரே, அதுதான். வருஷம் பூராவும் நான் ஜேபஸின் விதவை, ஈனோஸின் மதினி, சைடர்க்கார அம்மா. அந்த ஒரு நாள்தான் என் பெயர் என் பெயராக இருக்கிறது.

சூக்கி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "நான் எழுத்தர் கையைப் பாக்கத்தான் போறேன். என் பேரை எழுதுறான் பாரு, அதை. அதுக்கு முன்னாடி என் பேரை ஒரே ஒரு எடத்துலதான் எழுதியிருந்தாங்க. வான் ஹார்ன் வீட்டுச் சாமான் பட்டியல்ல. ஆட்டுக்கும் அலமாரிக்கும் நடுவுல."

தலையணை உறைகளை மடித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7. சனி

ப்ரூடன்ஸ் வந்து என் கறுப்பு அங்கியையும் முகத்திரை வைத்த தொப்பியையும் இரவல் வாங்கிப் போனாள். அவள் சித்தப்பா சாவாம். பனி பலமாக இருக்கிறது.

பிப்ரவரி 10. செவ்வாய்

இன்றைக்கென்று பார்த்துப் பசு கன்று போட ஆரம்பித்தது. பின்னங்கால் முன்னால் வந்துவிட்டது. நாள் முழுக்கத் தொழுவம்தான், முழங்கை வரை ரத்தம். சாலையில் பனிவண்டிகள் மணியடித்துக்கொண்டு போனபடியே இருந்தன, ஒவ்வொன்றிலும் பத்துப் பேர், பாட்டு, கூச்சல். ஊருக்கே கல்யாணம் மாதிரி.

சூக்கி வேலிக்கு வெளியே நின்று கூவினாள். "நான் போட்டுட்டேன், மிசஸ் ஃப்ரேசி! நீங்க வரல?"

"நாளைக்கு! இவ என்னை விட்டாத்தானே!"

கிடேரிக் கன்று. தாயும் பிள்ளையும் நலம்.

பிப்ரவரி 11. புதன்

மை சொட்டுகிறது. பரவாயில்லை.

நல்ல நீல கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். சத்திரத்துக் கூடத்தில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பெட்டி முன்னால் போனேன். தேர்தல் அதிகாரி ஜோத்தம் ஹாலவே. என் பக்கத்துத் தோட்டக்காரர், போன டிசம்பரில் என் வீட்டில் பன்றித் தொடையும் சைடரும் சாப்பிட்டவர். என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பெயரைக் கூப்பிடவில்லை.

"நீங்கதான் நேத்தே போட்டுட்டீங்களே, மிசஸ் ஃப்ரேசி."

"நானா? நேத்து நான் தொழுவத்தை விட்டு வெளியவே வரல."

"புத்தகத்துல இருக்கே."

"புத்தகத்துல இருந்தா? நான் இங்கல்ல இருக்கேன்!"

பின்னாலிருந்து எவனோ, "ஒண்ணு போட்டது ருசி கண்டுட்டுது போல! ரெண்டாவது கேக்குது!" என்றான். கூடமே சிரித்தது. முகம் பற்றி எரிந்தது எனக்கு. எழுத்தர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். நன்றாக, தெளிவாக, அழகான கையெழுத்தில்: ஃப்ரேசி, கெசையா, விதவை.

ஹாலவே என் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்க்கிற மனுஷன்.

திரும்பினேன். அடுப்புப் பக்கத்தில் ஈனோஸ் நின்றுகொண்டிருந்தான். இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த கிருதாவைக் காணோம். வழவழவென்று மழித்திருந்தான், தாடையில் கத்தி பட்ட கீறல். என்னைக் கண்டதும் கூரையை ஆராய ஆரம்பித்தான்.

எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை. ஓட்டுச் சீட்டு இன்னும் என் கையுறைக்குள்தான் இருக்கிறது, நசுங்கிப்போய்.

என் பேருடா அது. வேற என்ன இருக்கு என்கிட்ட? தோட்டம் ஜேபஸ் வச்சது. வீடு மாமனார் கட்டினது. பேரு ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு இருந்தது. அதைப் போய்...

பிப்ரவரி 12. வியாழன்

ப்ரூடன்ஸ் அங்கியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முழங்கால் வரை சேறு. தோள் தையல் விட்டிருந்தது. முகத்திரையில் புகையிலை நாற்றம்.

"சாவு வீட்டுல யாரு புகையிலை மென்னது?" என்று கேட்டேன். அழ ஆரம்பித்துவிட்டாள். சித்தப்பா உயிரோடு இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார்.

சாயங்காலத்துக்குள் ஈனோஸ் வந்தான். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, திருடித் தின்ற பூனை மாதிரி.

"சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் மதினி..."

"எத்தனை ஓட்டு போட்டே?"

"இங்க என் பேர்ல ஒண்ணு, உங்க பேர்ல ஒண்ணு. அப்புறம் பனிவண்டியில மேல் கிராமத்துக்குப் போய்..." விரல் விட்டான். "மொத்தம் அஞ்சு. நான் பரவாயில்ல மதினி. ஹாலவேயோட மச்சான் அவன் பாட்டி பாவாடையைக் கட்டிக்கிட்டு ஒன்பது போட்டான். டீல்ஸ் முனைக்காரன் மட்டும் யோக்கியனா? அங்க செத்தவங்கெல்லாம் எழுந்து வந்து போட்டிருக்காங்க!"

"என் பேரு எதுக்குடா?"

"மாடு கன்னு போடுது, நீங்க வரமாட்டீங்க, ஒரு ஓட்டு வீணாப் போயிருமேன்னு..."

"மாடு கன்னு போட்டது செவ்வாய்க்கிழமை. அங்கி போனது சனிக்கிழமை."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "நீங்களும் ஆஷ்ஃபீல்டுக்குத்தானே போட்டிருப்பீங்க? நானும் அதுக்குத்தான் போட்டேன். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

"நான் டீல்ஸ் முனைக்குப் போடலாம்னு வந்திருந்தா?"

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியே இருக்கவில்லை. என் தலைக்குள் ஒரு தனி எண்ணம் ஓடலாம் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. திருட்டை விட அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

உண்மையைச் சொன்னால், நான் ஆஷ்ஃபீல்டுக்குத்தான் போடுவதாக இருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 14. சனி

ஆஷ்ஃபீல்டு ஜெயித்ததாம். தேவாலய மணி ஓயவில்லை, தார்ப் பீப்பாய்களைக் கொளுத்திக் கூத்தடிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஓட்டுரிமை உள்ளவர்கள் முந்நூற்றுச் சொச்சம். விழுந்தது தொள்ளாயிரத்துக்கு மேல். ஒருவருக்கும் வெட்கமில்லை.

பிப்ரவரி 22. ஞாயிறு

பிரசங்கம் பொய்ச்சாட்சி பற்றி. ஹாலவே கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டார்.

மார்ச் 16. திங்கள்

டீல்ஸ் முனையிலிருந்து லாயர் ட்ரெம்லி வந்தார். சட்டசபை உறுப்பினரும் அவர்தான். இந்தத் தேர்தலே செல்லாது என்று டிரெண்டனில் சட்டசபைக்கு மனு போடப்போகிறார்களாம், அதற்குச் சாட்சி வேண்டுமாம். மரியாதையான மனிதர். பூட்ஸை வாசலிலேயே சுத்தம் பண்ணிக்கொண்டு உள்ளே வந்தார். என் சைடரைப் புகழ்ந்தார். நான் பேசும்போது குறுக்கே பேசவில்லை. ஓர் ஆண்பிள்ளை நான் சொல்வதை முழுசாகக் கேட்டு எத்தனை நாளாகிறது!

"ஒரு பெண்ணோட ஓட்டை இப்படிப் பட்டப்பகல்ல திருடுறாங்கன்னு டிரெண்டனுக்குத் தெரிய வேண்டாமா, அம்மா? உங்களை மாதிரி ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொன்னாத்தான் அவங்களுக்கு உறைக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18. புதன்

சூக்கியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுக்காதே."

"ஏன்? திருட்டை மூடி மறைக்கச் சொல்றியா?"

"கெசையா, கேளு. ஆம்பள திருடினான்னு நீ எழுதுவே. பொம்பள உடுப்புல திருடினான்னு அவங்க படிப்பாங்க. ஆளை விட்டுட்டு உடுப்பைப் பிடிச்சுக்குவாங்க."

"ட்ரெம்லி அப்படிப்பட்டவரு இல்ல."

"இருக்கட்டும். அந்தக் காகிதம் உன் கையை விட்டுப் போனப்புறம் அது உன் காகிதம் இல்ல. அவரு காகிதம். நான் காகிதத்துலயே வளர்ந்தவ, எனக்குத் தெரியும்." பிறகு, என்னைப் பார்க்காமல், "போன அக்டோபர்லதான் என் மகன் பீட்டர் முதல் தடவையா ஓட்டுப் போட்டான். அவனுக்கு எதாவது ஆயிறப் போவுதுன்னு பயமா இருக்கு" என்றாள்.

கோபம் வந்தது எனக்கு. அவளுக்கு நடக்கவில்லை, அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பில் விறகு வைத்தாள்.

மார்ச் 21. சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம். மூன்று பக்கம். அங்கி, முகத்திரை, கிருதா, ஐந்து ஓட்டு, எல்லாம். கடைசியில் நானே கையெழுத்துப் போட்டேன், கெசையா ஃப்ரேசி என்று பெரிதாக. மனம் லேசாகிவிட்டது.

மே 4

ஈனோஸ் பேசுவதில்லை. ப்ரூடன்ஸ் வேலியோரம் நின்று அழுகிறாள். ஆப்பிள் பூ இந்த வருஷம் அடர்த்தி.

ஆகஸ்ட் 19

ஆலங்கட்டி மழை. தெற்குப் பக்கம் பாதிக் காய் போயிற்று.

நவம்பர் 7. சனி

தேர்தல் செல்லாது என்று சட்டசபை தீர்மானித்துவிட்டது! கோர்ட் இங்கே வராது. ஊர் என்னை முறைக்கிறது, கடையில் மாவு நிறுக்கும்போது ஹாலவேயின் பெண்டாட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிற்கட்டும். நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஒரு ஜாடி சைடரை எடுத்துக்கொண்டு சூக்கி வீட்டுக்குப் போனேன். "பாத்தியா?" என்றேன். "இன்னும் சபை கலையல" என்றாள். இவளுக்கு எதிலும் திருப்தி கிடையாது.

நவம்பர் 21. சனி

எப்படி எழுதுவது. எழுதினால்தான் நம்புவேன் போலிருக்கிறது.

ப்ரூடன்ஸ் பத்திரிகையை எடுத்து வந்தாள். "அக்கா, உங்க பேரு வந்திருக்கு" என்றாள். அவளுக்குப் படிக்க வராது, என் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். பெருமையாக வேறு கொடுத்தாள்.

ட்ரெம்லி சபையில் என் வாக்குமூலத்தை எழுந்து நின்று வாசித்திருக்கிறார். கண்ணியமான ஒரு விதவையின் சத்தியம் என்று ஆரம்பித்திருக்கிறார். அங்கி, முகத்திரை, பாவாடை. சபை சிரித்து உருண்டது என்று பத்திரிகைக்காரன் எழுதியிருக்கிறான். பிறகு அவர் கேட்டாராம்: முகத்திரைக்குள் இருப்பது யார் என்று எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? பாவாடை கட்டியவர்களை ஓட்டுப் பெட்டிப் பக்கம் விடுவதால் வந்த வினை அல்லவா இது?

சட்டம் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையே. இனி நியூ ஜெர்சியில் ஓட்டு, அடிமையல்லாத வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். மாநிலத்தின் அமைதிக்காகவாம், ஒழுங்குக்காகவாம், கௌரவத்துக்காகவாம்.

மூன்று தடவை படித்தேன். ஈனோஸுக்கு என்ன தண்டனை என்று தேடினேன். ஒரு வரி இல்லை. பாட்டி பாவாடையில் ஒன்பது ஓட்டுப் போட்டவனுக்கு? இல்லை. ஹாலவேக்கு? இல்லை. அவர்கள் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. அடுத்த அக்டோபரில் போய்ப் போடுவார்கள்.

திருடினவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளைப் பிடித்து... இது என்ன நியாயம்? எந்த ஊர் நியாயம் இது? நான்தானே ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன். பெருசா கையெழுத்து வேற! யார் கேட்டா? அந்த ஆளு என் சைடரைக் குடிச்சுட்டு, "அம்மா, அம்மா"ன்னு... பூட்ஸைத் துடைச்சாரு, நான் மயங்கிட்டேன். பூட்ஸைத் துடைச்சதுக்கு மயங்கிட்டேன்.

அப்புறம்தான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. வெள்ளைக்கார.

ஐயோ. பீட்டர்.

நவம்பர் 22. ஞாயிறு

தேவாலயத்துக்குப் போகவில்லை. சூக்கி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"சூக்கி, நான் வேணும்னு செய்யல."

"தெரியும்."

"நீ சொன்னே. நான்தான்..."

"உங்களுக்கு ஒரு ஓட்டுப் போச்சு, மிசஸ் ஃப்ரேசி. என் வீட்ல ரெண்டு." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உங்க துணி நாளைக்குத்தான் ஆகும். ஆள் அனுப்பறேன்."

சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. தெருவே தேவாலயத்தில் இருந்தது. யாருமே இல்லாத இடத்தில் என்னை "நீங்க" என்றாள்.

நவம்பர் 23

துணி வந்தது. அருமையாக வெளுத்திருந்தாள்.

டிசம்பர் 25

பனி. தனியாகச் சாப்பிட்டேன். ஈனோஸ் கதவருகே ஒரு வாத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஏப்ரல் 10, 1808

ட்ரெம்லிக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதை அனுப்பினேன். என் வாக்குமூலத்தைத் திருப்பித் தரும்படி கேட்டிருந்தேன்.

ஏப்ரல் 29

பதில் வந்தது. அது அரசாங்க ஆவணம் ஆகிவிட்டதாம், திருப்பித் தர முடியாதாம். அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது அந்த அருமையான சைடரை மறுபடி ருசிக்க ஆசையாம்.

ஜூலை 4

சுதந்திர நாள். பீரங்கி, ஊர்வலம், பதினேழு தடவை வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். கடைசி வாழ்த்து "நம் நாட்டுப் பெண்களுக்கு." எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள். என் சைடரைத்தான்.

அக்டோபர் 8, 1808. சனி

ஈனோஸ் வந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். ஆள் இளைத்திருக்கிறான். கிருதா திரும்ப வளர்ந்திருக்கிறது, அங்கங்கே நரை.

"செவ்வாய்க்கிழமை தேர்தல், மதினி."

"எனக்கென்ன வந்தது?"

"ட்ரெம்லி மறுபடி நிக்கிறாரு. எதிர்த்து நேதன் க்ரூவர். அந்தச் சட்டத்துக்கு எதிரா சபையில கை தூக்கினாரே, அவரு." தொண்டையைச் செருமினான். "நான் செஞ்ச தப்புக்கு... எனக்கு வேற வழி தெரியல. என் ஓட்டை நீங்க எடுத்துக்கங்க. நீங்க எந்தப் பேரைச் சொல்றீங்களோ அதை எழுதிப் போடறேன். உங்க ஓட்டுன்னு நெனச்சுக்கங்க."

வெளியே போடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது, விளையாட்டு இல்லை, மனசாரத்தான் கேட்டான்.

"க்ரூவர்" என்றேன்.

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது எனக்கு. அவ்வளவு சீக்கிரமாகச் சொல்லியிருக்கிறேன், எவ்வளவு நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்தேனோ.

அக்டோபர் 10. திங்கள்

மனசு கேட்கவில்லை. சூக்கியிடம் போனேன். போய்ச் சேரும்வரை நல்ல காரியம் செய்யப்போவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஈனோஸ் நான் சொல்ற பேருக்குப் போடறேன்னு இருக்கான். அதை உனக்குத் தர்றேன், சூக்கி. நீ ஒரு பேரைச் சொல்லு, அதையே எழுதச் சொல்றேன். உனக்கு நான் பட்ட கடன்..."

இஸ்திரிப் பெட்டியை அடுப்பின் மேல் வைத்தாள்.

"நான் யாருக்குப் போடறேன்னு என் புருஷனுக்கே சொன்னதில்ல, அவன் உசிரோட இருந்தப்போ. மகனுக்குச் சொன்னதில்ல. உனக்கும் சொன்னதில்ல. உன் கொழுந்தனுக்குச் சொல்லவா?"

"உனக்கும்" என்றாள். "உங்களுக்கும்" என்று சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"நீ பேரைச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"சரி" என்றாள். முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். இரண்டு பேரும் போர்வைகளை மடித்தோம்.

அக்டோபர் 11. செவ்வாய்

காலையிலிருந்து ஆப்பிள் பிழிந்தோம். குளவித் தொல்லை. சாலையில் வண்டிகள் போவதும் வருவதுமாக இருந்தன. நான் வேலியருகே போகவில்லை.

மூன்று மணிக்கு ஈனோஸ் வந்தான். கழுவித் துடைத்த மாதிரி தெளிவாக இருந்தது அவன் முகம்.

"போட்டுட்டேன் மதினி. க்ரூவர்தான். ஆண்டவன் மேல சத்தியம்."

"காட்டினியா யார்கிட்டயாவது?"

"எப்படிக் காட்டறது? மடிச்சுத்தானே போடணும்."

அது எனக்கும் தெரிந்ததுதான். பொய் சொல்கிற முகம் இல்லை அவனுக்கு. சொன்னாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. போன வருஷம் என்னைக் கேட்காமல் என் ஓட்டை எடுத்துக்கொண்டு போனான், சண்டை போட்டேன், ஊரையே பகைத்துக்கொண்டேன். இந்த வருஷம் நானே எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, எப்போது வருவான் என்று நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன்.

அவனுக்கு ஒரு குவளை புதுச் சைடர் ஊற்றிக் கொடுத்தேன். நன்றி சொன்னேன்.